முதல் பக்கத்தில் எந்த ஊர்?

போன மாதம் மெல்போர்னிலிருந்து ஒரு பிடிஎஃப் வந்தது. அனுப்பியவர் ஒரு காலத்தில் என்னோடு ஒரே டெஸ்க்கில் உதவி ஆசிரியராக இருந்த தம்பி. இப்போது அங்கே கணினி வேலை, வார இறுதியில் தமிழ்ச் சங்கம். சங்கத்தின் சார்பில் மாதப் பத்திரிகை ஒன்று தொடங்கப் போகிறார்களாம். பிடிஎஃப்பில் இருந்தது பதினாறு பக்க டம்மி, அதாவது மாதிரி இதழ். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: “அண்ணே, தமிழ்லயா, இங்கிலீஷ்லயா, இல்ல ரெண்டும் கலந்தா? கமிட்டியில மூணு வாரமா இதே சண்டை. நீங்க ஒண்ணு சொல்லுங்க, முடிச்சிடலாம்.”

டம்மியைப் புரட்டினேன். முதல் பக்கத்தின் முக்கியச் செய்தி, தமிழ்நாட்டுத் தேர்தல் கூட்டணி. இரண்டும் மூன்றும் சினிமா. நான்கில் சென்னை வானிலை. மெல்போர்னில் இருப்பவருக்கு அது எதற்கு என்று கேட்கக் கூடாது, அம்மா அப்பா அங்கேதானே இருக்கிறார்கள். பதினோராம் பக்கத்தில் கத்தரிக்காய்க் காரக்குழம்பு செய்முறை. அதற்குக் கீழே, இடம் மிஞ்சியதால் போட்டது போல நாலு வரியில் ஒரு வாசகர் கடிதம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடக்கும் கட்டடத்துக்கு எதிரே சாலையைக் கடக்க வழியில்லை, கார்கள் நிற்பதே இல்லை, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது, யாராவது கவுன்சிலிடம் சொல்லுங்கள் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார்.

விளம்பரங்களை விட்டுவிட்டால், பதினாறு பக்கத்தில் மெல்போர்ன் இருந்தது அந்த நாலு வரியில் மட்டும்தான்.

தம்பி கேட்டது மொழியைப் பற்றி. ஆனால் எனக்கு அந்தக் கடிதம்தான் உறுத்தியது. குடியேறியவர்களின் பத்திரிகை வாசகரை எந்த நாட்டுக்காரராக ஆக்குகிறது என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் ஒன்று உண்டு: அது எந்த அரசாங்கத்திடம் போய்ச் சண்டை போடுகிறது? யார் மேல் நமக்கு உரிமை இருக்கிறதோ அவர்களிடம்தான் கோபிப்போம். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் ‘ஐயோ பாவம்’ என்போம், நம் வீட்டில் வராவிட்டால்தானே மாநகராட்சிக்குப் போன் போடுவோம்.

இந்த அளவுகோலோடு, ஏற்கெனவே மற்றவர்கள் நடந்து பார்த்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டம்மியில் இருப்பது ஊர்ச் செய்தி வழி. இதில் பெரிய உதாரணம் ஜெர்மனியில் துருக்கியர்கள் படித்த ஹுரியெத் நாளிதழ். மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது 1961 அக்டோபரில். வந்தவர்களுக்கு ‘விருந்தினர் தொழிலாளி’ என்று பெயர். கொஞ்ச காலம் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்று அழைத்தவர்களும் நம்பினார்கள், வந்தவர்களும் நம்பினார்கள். 1960-களின் கடைசியிலிருந்து இஸ்தான்புல் நாளிதழ்கள் ஜெர்மனியிலேயே அச்சாகத் தொடங்கின. ஹுரியெத்தின் பெயர்ப்பட்டையில் நவீன துருக்கியை நிறுவிய அத்தாதுர்க் படம் இருக்கும், கூடவே ‘துருக்கி துருக்கியருக்கே’ என்ற வாசகம். ஜெர்மன் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் போகிறவர் தினமும் காலையில் பார்ப்பது அதைத்தான்.

இதனால்தான் துருக்கியர்கள் ஜெர்மனியில் ஒட்டவில்லை என்று அங்கே பலர் பேசியிருக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஜெர்மனியில் பிறந்தாலும் வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடைக்க வழி வந்ததே 2000-ல்தான். இரட்டைக் குடியுரிமையைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது 2024 ஜூனில். ஒரு வீட்டில் நாற்பது வருடம் வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, ‘ஏன் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய்’ என்று கேட்டால் எப்படி?

அது போகட்டும். தம்பிக்கு இந்த வழி சரிப்படாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இன்னும் எளிது. 1970-ல் ஜெர்மனியில் இருந்த துருக்கியருக்கு ஊர்ச் செய்தி கிடைக்க வேறு வழி குறைவு. இன்றைக்கு மெல்போர்ன் தமிழருக்குக் கூட்டணிச் செய்தி, எனக்கு வருவதற்கு முன்னாலேயே போனில் வந்துவிடுகிறது. மாதப் பத்திரிகையில் அதைப் போட்டால், போன வாரச் சோற்றை இலை போட்டுப் பரிமாறுவது மாதிரி.

அடுத்தது, மொழி நம்முடையது, செய்தி இந்த ஊருடையது என்கிற வழி. இதை ஃபார்வர்ட்ஸ் போலச் செய்துகாட்டிய பத்திரிகை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1897 ஏப்ரல் 22-ல் நியூயார்க்கில், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யிட்டிஷ் மொழியில் தொடங்கிய நாளிதழ் அது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தையல் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைட்தான் அதன் பேட்டை. சோஷலிசப் பத்திரிகை. தலைமைக் கட்டடம் 1912-ல் எழுந்தபோது முகப்பில் மார்க்ஸ், எங்கெல்ஸ் முகங்களைச் செதுக்கி வைத்தார்கள். ஆசிரியர் ஏப்ரஹாம் கஹான், லிதுவேனியாவில் பிறந்தவர், 1882-ல் அமெரிக்கா வந்தவர். நடுவில் சில வருடம் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் நிருபராக இருந்து தெருச் செய்தி எழுதிப் பழகியிருந்தார். அந்தப் பழக்கம்தான் ஃபார்வர்ட்ஸைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். தத்துவம் மட்டுமே தெரிந்த ஆசிரியராக இருந்திருந்தால் பத்திரிகை இரண்டே வருடத்தில் படுத்திருக்கும்.

1903-ல் ஒரு அப்பா கடிதம் எழுதுகிறார். என் பையன் பேஸ்பால் ஆட வேண்டும் என்கிறான், பெரியவர்கள் ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுவது என்ன விளையாட்டு, சதுரங்கம் ஆடினாலாவது மூளை வளரும் என்கிற மாதிரி. கஹானின் பதில்: ஆட விடுங்கள், படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிறந்த நாட்டிலேயே பிள்ளைகளை அந்நியராக வளர்க்காதீர்கள். அதோடு விடவில்லை. 1909 ஆகஸ்டில், விளையாட்டே தெரியாதவர்களுக்கு பேஸ்பால் என்றால் என்ன என்று மைதானத்தின் படம் போட்டு யிட்டிஷில் ஒரு பாடம் நடத்தியது பத்திரிகை. படிக்கிறவர் வாழ்நாளில் மட்டையைத் தொட மாட்டார். ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது மகன் சொல்வது அவருக்குப் புரியும்.

1906 ஜனவரியில் ‘பிண்டல் ப்ரீஃப்’ தொடங்கியது. கடிதக் கட்டு என்று பொருள். காதல், கூலி, மாமியார், மதம் மாறிக் கல்யாணம் என்று வாசகர்கள் எதை வேண்டுமானாலும் எழுதினார்கள், ஆசிரியர் பதில் சொன்னார். அதே பத்திரிகை, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடிப்போன கணவன்மார்களின் படங்களை வரிசையாகப் போட்டு ‘காணாமல் போன கணவர்களின் காட்சிக்கூடம்’ என்று தலைப்பும் வைத்தது. அமெரிக்கா பெரிய நாடு, பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த ஊரில் புதுக் குடித்தனம் தொடங்குவது சுலபம். போலீஸ் பிடிக்காதவனைப் பத்திரிகை பிடித்துக் கொடுத்தது. இன்னொரு சமயம், பிள்ளைகளுக்கு மூக்கு துடைக்கக் கைக்குட்டை கொடுத்து அனுப்புங்கள் என்று தாய்மார்களுக்கு எழுதினாராம் கஹான். கட்சிக்காரர்கள், சோஷலிசத்துக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று சண்டைக்கு வந்தார்கள். சுத்தமான மூக்கு சோஷலிசத்துக்கு எப்போது ஆகாமல் போனது என்று திருப்பிக் கேட்டார் என்பார்கள்.

மொழி விஷயத்திலும் அவர் கறார். புத்தக யிட்டிஷ் வேண்டாம், தெருவில் பேசுகிற யிட்டிஷ் போதும், ஆங்கில வார்த்தை கலந்திருந்தால் கலந்திருக்கட்டும் என்றார். தூய யிட்டிஷ்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சண்டையை விளக்க வேண்டியதில்லை. (தம்பியின் டம்மியில் ‘பேருந்து நிறுத்தம்’, ‘குளிர்பதனப் பெட்டி’ எல்லாம் இருக்கின்றன. இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘கவுன்சில்’ என்பதை ‘உள்ளூராட்சி மன்றம்’ என்று ஆக்கியிருப்பதைப் பார்த்தால், அதைப் படித்துவிட்டு யார் எங்கே போய் மனுக் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.)

1920-களில் ஃபார்வர்ட்ஸ் நாளொன்றுக்கு இரண்டரை லட்சம் பிரதிகளைத் தாண்டியது. வேற்று மொழியில் வந்தாலும் அது அமெரிக்கப் பத்திரிகைதான். வீட்டுச் சொந்தக்காரன், பட்டறை முதலாளி, நகரசபை, தேர்தல் என்று அதன் எல்லாச் சண்டையும் நியூயார்க்கில்தான் நடந்தது. சிகாகோ சமூகவியலாளர் ராபர்ட் பார்க், குடியேறிகளின் பத்திரிகைகளை ஆராய்ந்து 1922-ல் எழுதியதும் இதைத்தான்: நடத்துகிறவர்கள் தாய்மொழியைக் காப்பாற்றத்தான் நடத்துகிறார்கள், ஆனால் படிக்கிறவர்கள் அதன் வழியாக அமெரிக்காவுக்குள் வந்துவிடுகிறார்கள்.

சரி, இந்த வழியின் கோளாறு என்ன? இரண்டு உண்டு.

ஒன்று, டியூஷன் வாத்தியாரின் கதி. நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் பையன் தேறிவிடுவான், அப்புறம் வர மாட்டான். ஃபார்வர்ட்ஸ் வாசகரின் பிள்ளைகள் ஆங்கிலப் பத்திரிகை படித்தார்கள். 1924 குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து புதிதாக வருகிறவர்களையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டது. யிட்டிஷ் பேசிய ஐரோப்பாவை நாஜிகள் அழித்தார்கள். 1983-ல் நாளிதழ் வார இதழானது, 1990-ல் ஆங்கிலப் பதிப்பு தனியாக வந்தது, 2019-ல் அச்சு நின்று இணையத்தோடு சரி.

இரண்டாவது கோளாறு பயங்கரமானது, அதை ஜெர்மானியர்களிடம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஜெர்மன் பத்திரிகைகள் அமெரிக்கா என்ற நாட்டுக்கும் மூத்தவை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1732-லேயே பிலடெல்பியாவில் ஒன்று தொடங்கிப் பார்த்தார், நடக்கவில்லை. 1776 ஜூலையில் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியபோது, மறுநாள் ஜூலை 5-ந் தேதி அதை முதலில் அச்சில் அறிவித்தது பிலடெல்பியாவின் ஜெர்மன் பத்திரிகை ‘ஸ்டாட்ஸ்போட்டே’. ஆங்கிலப் பத்திரிகைகள் பின்னால்தான் வந்தன. இதைவிடப் பழைய சொந்தம் யாருக்கு இருக்கும்? ஆனால் 1917-ல் ஜெர்மனிக்கு எதிராக அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், அரசைப் பற்றியோ போரைப் பற்றியோ வேற்று மொழியில் எழுதும் எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தபால் நிலையத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. போருக்கு முந்தைய மூன்று வருடம் பல ஜெர்மன் பத்திரிகைகள் ஜெர்மன் பேரரசர் கைசர் பக்கம் பேசிக்கொண்டிருந்ததும் உண்மைதான், அந்தக் கணக்கைச் சேர்த்துத் தீர்த்தார்கள். 1910-ல் ஐந்நூற்றைம்பதுக்கு மேல் இருந்த ஜெர்மன் பத்திரிகைகள் 1920-ல் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. நாட்டுக்குக் கோபம் வந்தால், தனக்குப் புரியாத எழுத்தைத்தான் முதலில் சந்தேகப்படும்.

அப்படியானால் நாட்டு மொழியிலேயே நடத்திவிடலாமே? கமிட்டியில் இளவட்டங்களின் கட்சி இதுதான் என்று நினைக்கிறேன். இதன் பலத்தைக் காட்டுவதற்கு அமெரிக்கக் கறுப்பர்களின் பத்திரிகைகளை விட்டால் வேறு சாட்சி வேண்டாம். 1827 மார்ச்சில் நியூயார்க்கில் வந்த ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ முதல் இதழிலேயே, எங்கள் வழக்கை நாங்களே பேசப் போகிறோம், மற்றவர்கள் எங்களுக்காகப் பேசியது போதும் என்றது.

நூறு வருடம் தள்ளி, 1942 ஜனவரி 31. ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பர் பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம் வருகிறது. எழுதியவர் ஜேம்ஸ் தாம்ப்சன், வயது 26, கான்சஸ் மாநிலம் விசிட்டாவில் விமானத் தொழிற்சாலையின் சிற்றுண்டிச்சாலையில் வேலை. பாதி அமெரிக்கனாக வாழ்வதற்கு நான் என் உயிரைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். வெளியே எதிரிகளை வெல்ல, விக்டரி என்பதன் முதல் எழுத்தாக ஒரு ‘வி’, உள்ளே நிறவெறியை வெல்ல இன்னொரு ‘வி’ என்றும் சொன்னார். அடுத்த வாரமே பத்திரிகை ‘இரட்டை வி’ இயக்கத்தைத் தொடங்கிவிட்டது. சின்னம் வரைந்தார்கள், சட்டையில் குத்திக்கொண்டார்கள், பெண்கள் தலை சீவும் பாணி வரை போனது. எஃப்பிஐ தலைவர் ஹூவர் இந்தப் பத்திரிகைகள் மேல் தேசத்துரோக வழக்குப் போட வேண்டும் என்று நின்றார். ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகையின் ஜான் செங்ஸ்டாக் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஃபிரான்சிஸ் பிடிலை நேரில் போய்ப் பார்த்துப் பேசினார், வழக்கு வரவில்லை. 1948 ஜூலையில் ராணுவத்தில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் ஆணையில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டார். ஒரு கடிதம் மட்டுமே அதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தை மூலையில் தள்ளாமல் இயக்கமாக்கிய ஆசிரியரை நினைத்துக்கொண்டு தம்பியின் பதினோராம் பக்கத்தைப் பாருங்கள்.

நாட்டு மொழியில் எழுதினால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, சண்டை நேராகப் போய்ச் சேரும். ஆனால் கறுப்பர்களுக்கு ஆங்கிலம் வீட்டு மொழி. மெல்போர்னில் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் பாட்டிக்கு? தமிழை விட்டுவிட்டால் பத்திரிகையிலிருந்து முதலில் வெளியேறுவது அவர்கள்தான். தவிர, ஆங்கிலத்தில் நடத்தினால் அந்த ஊர்ப் பெரிய பத்திரிகைகளோடு போட்டி. சங்கத்துக்காரர்கள் சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து செய்கிற லே-அவுட் அவற்றோடு நிற்காது.

இரண்டு மொழி, நாலு மொழி என்று கலந்து போடுவது கமிட்டிகளுக்குப் பிடித்த வழி, ஏனென்றால் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். 1903 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ அப்படித்தான் வந்தது. காந்தி பின்னால் நின்ற பத்திரிகை. ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், இந்தி என்று நாலு மொழி. கேட்க நன்றாக இருக்கிறது. நாலு மொழிக்கு நாலு விதமான அச்செழுத்து, நாலு விதமான அச்சுக்கோப்பவர், நாலு ஆசிரியர் வேண்டும் என்பதை நடத்துகிறவர்களைக் கேட்டால்தான் தெரியும். 1904 கடைசியில் அச்சகத்தை டர்பனுக்கு வெளியே காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றி முதல் இதழை அச்சிட்ட அன்று இரவு, எந்திரம் நின்றுவிட்டது. கையால் சுற்றும் சக்கரம் இருந்தது, அதற்கு ஒரே நேரத்தில் நாலு பேர் வேண்டும். கட்டட வேலைக்கு வந்து படுத்திருந்த தச்சர்களை எழுப்பிக் கூட்டிவந்து, முறை வைத்து விடிய விடியச் சுற்றினார்கள். எந்திரம் பார்த்தவர் கோவிந்தசாமி என்ற நம் ஆள்.

அப்படிப்பட்ட பத்திரிகையிலேயே 1906-ல் தமிழும் இந்தியும் நின்றுவிட்டன. ஆள் கிடைக்கவில்லை. டர்பன் இருக்கும் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் கூலிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பேசியது தமிழும் தெலுங்கும் இந்தியும். மிஞ்சியதோ, வணிகர்களின் குஜராத்தியும் அரசாங்கத்துக்குப் புரியும் ஆங்கிலமும். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றாலும், கலப்புப் பத்திரிகையில் முதலில் விழுகிற பக்கம் யாருடையது என்று இதிலிருந்து தெரிகிறது. தமிழருக்கு டர்பனில் பி. எஸ். ஐயர் 1908-ல் ‘ஆப்பிரிக்கன் க்ரானிக்கிள்’ என்று தனியே தொடங்க வேண்டியிருந்தது.

கலப்பு தாக்குப்பிடித்த இடமும் உண்டு. லாஸ் ஏஞ்சலீஸில் 1903-ல் தொடங்கிய ஜப்பானியப் பத்திரிகை ‘ராஃபு ஷிம்போ’, 1926-ல் ஆங்கிலப் பகுதி சேர்த்தது. அப்பா ஜப்பானியப் பக்கம் படித்தார், அமெரிக்காவில் பிறந்த பிள்ளை ஆங்கிலப் பக்கம் எழுதினான். இரண்டே மொழி, இரண்டுக்கும் எழுதுகிற ஆள் வீட்டிலேயே இருந்தார்கள், அதனால் நிலைத்தது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய பிறகு பதிப்பாளரைக் கைது செய்தார்கள். 1942-ல் சுமார் 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்தார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். பத்திரிகையை மூடும்போது ஈய அச்செழுத்துகளை அலுவலகத் தரைப் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து எடுத்துக் கோத்து, 1946 ஜனவரி 1-ல் மறுபடி அச்சிட்டார்கள். முகாமிலிருந்து எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம், ஆனால் அந்தத் தரைக்கே திரும்பி வந்தார்கள் பாருங்கள்.

கடைசியாக, பெரிய வீட்டில் குடியிருக்கும் வழி. சிங்கப்பூர் தமிழ் முரசு. 1929 கடைசியில் பெரியார் மலாயா போய்வந்த சூட்டில் பிறந்த தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935 ஜூலையில் ஒரு காசு விலையில் வார இதழாகத் தொடங்கியது. கோ. சாரங்கபாணி அதை வளர்த்தார், 1937-ல் நாளிதழ். தொடக்கத்தில் அதன் சண்டை எல்லாம் ஊர்ச் சாதிச் சண்டைதான். ஆனால் 1950-களில் அது திரும்பிய திருப்பம் முக்கியம். மாணவர்களுக்கு மாணவர் முரசு, பல்கலைக்கழகத்தில் தமிழ் வேண்டும் என்று நிதி திரட்டல், எல்லாவற்றுக்கும் மேலாக, 1957-ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது ஊர் நினைப்பை விட்டுப் பதிந்துகொள்ளுங்கள் என்ற ஓயாத வலியுறுத்தல். தமிழ் நாளிதழ் சிங்கப்பூர்க் குடிமக்களை உண்டாக்கிய காலம் அது. கோலாலம்பூரில் 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் அதைவிட மூத்தது, 94 வருடம் ஓடி 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது.

முரசு நிற்கவில்லை. 1995-ல் அது சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் கைக்குப் போனது. அந்த ஊடகக் குழுமம் இப்போது லாப நோக்கில்லாத அமைப்பு, ஆண்டுக்கு 18 கோடி சிங்கப்பூர் வெள்ளி வரை அரசு நிதி தருவதாக 2022-ல் அறிவித்தார்கள். 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடுதான். அந்த வாசகரை நம்பி எந்த முதலாளியும் நாளிதழ் நடத்த மாட்டான். இப்படி ஒரு வீடு இல்லாவிட்டால் முரசும் நேசன் வழிக்குப் போயிருக்கும். அதே வீட்டில் 2008-ல் இந்தியர்களுக்காக ஆங்கிலத்தில் ‘தப்லா’ வார இதழும் வந்தது.

இதில் எனக்கு உள்ள தயக்கம் ஒன்றே. வீட்டுக்காரர் வாடகை வாங்காத வீட்டில் ஓட்டை ஒழுகினால் சத்தம் போட முடியுமா? ஆண்டுதோறும் அச்சுக்கு உரிமம் புதுப்பிக்கிற சட்டமும் அங்கே 1974-லிருந்து இருக்கிறது. முரசு நாட்டை வாசகருக்கு அழகாக விளக்குகிறது. வாசகரின் கோபத்தை நாட்டுக்கு விளக்குகிறதா என்று கேட்டால், சாரங்கபாணி காலத்து வேகம் இல்லை என்பது என் எண்ணம். அங்கே இருப்பவர்கள் மறுக்கலாம்.

இவ்வளவையும் தம்பிக்கு இரண்டு மணி நேரம் போனில் சொன்னேன். முடிவாகச் சொன்னது இது. பதினாறில் பன்னிரண்டு பக்கம் தமிழ், நாலு பக்கம் ஆங்கிலம், மூன்றாவது மொழி பேச்சே வேண்டாம். ஆங்கிலப் பக்கத்தைக் கமிட்டிப் பெரியவர்கள் எழுதக் கூடாது, அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் எழுத வேண்டும், அவர்கள் எழுதுவதைப் பெரியவர்கள் வெட்டவும் கூடாது. முதல் பக்கம் எப்போதும் மெல்போர்ன். தமிழ்நாட்டு அரசியலுக்கு அரைப் பக்கம், அதுவும் உள்ளே. கடிதங்களுக்கு இரண்டு முழுப் பக்கம், பதில் சொல்ல ஒரே ஆள், அது ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது, ஏனென்றால் கடிதம் எழுதப் போவது பெரும்பாலும் அவர்கள். தமிழ் பன்னிரண்டு பக்கத்துக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் வாசகர் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், இருந்தால் லாபம். அரசின் பல்பண்பாட்டு மானியம் கிடைத்தால் அச்சுக்கூலிக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது நின்றாலும் அடுத்த இதழ் வருகிற அளவுக்குச் சந்தாவும் மளிகைக்கடை விளம்பரமும் இருக்க வேண்டும்.

“அரைப் பக்கமா? கமிட்டியில அடிக்க வருவாங்கண்ணே.”

“அடிக்கட்டும். அதையும் கடிதமா எழுதிக் கேளு.”

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது டம்மி வந்தது. கூட்டணி எட்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது, அரைப் பக்கம் அல்ல, முக்கால். சென்னை வானிலை அப்படியே இருந்தது, அதை யாராலும் எடுக்க முடியவில்லையாம். முதல் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கு எதிரே உள்ள சாலை, ஒரு சனிக்கிழமை காலை எடுத்த படம். கார்களுக்கு நடுவே தண்ணீர் பாட்டிலும் பையுமாக நிற்கிற பிள்ளைகள். தலைப்பில் ‘உள்ளூராட்சி மன்றம்’ போய் ‘கவுன்சில்’ வந்திருந்தது.

கூடவே குரல் பதிவு. “அண்ணே, இதைக் கவுன்சிலுக்கு அனுப்பணும்னா இங்கிலீஷ்ல வேணுமே. அந்தக் கடிதம் எழுதின அக்காவோட பொண்ணு பதினோராம் வகுப்பு படிக்குது, அதுவே எழுதித் தரேன்னுடுச்சு. பதிமூணாம் பக்கத்துல முதல் மேட்டர் அதுதான்.”